பக்கத்தில் கிடந்த சொல்

படகு நகர்ந்து, கரைக்கும் அதற்கும் நடுவே பழுப்புத் தண்ணீர் அகலமான பிறகுதான் கிருபாவதிக்கு உறைத்தது, தனக்கு அக்கரையில் ஒரு வேலையும் இல்லை என்று. மருத்துவமனையிலிருந்து ரயிலைப் பிடித்து நேரே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கால்கள் கேட்காமல் துறைமுகத்துப் படிகளில் இறங்கிவிட்டன. கணவர் கார்ஸ்டன் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித்தான் ஒரு காரணமும் இல்லாமல் இந்தப் படகில் ஏறுவார்கள். பஸ்ஸுக்கு வாங்கிய டிக்கெட்டே இதற்கும் செல்லும் என்பதில் அவருக்குத் தீராத சந்தோஷம், ஏதோ நகரசபையை ஏமாற்றிவிட்டதைப் போல. அக்கரைவரை போய், இறங்காமல், அதே இருக்கையில் திரும்பி வருவார்கள். இன்றும் அதே இருக்கை காலியாகத்தான் இருந்தது, சன்னலோரம், கண்ணாடியில் உப்புக் கறை. அவள் ஓரமாக உட்கார்ந்து பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்தாள். பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாலைக்குள் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் பிராண்ட் சொல்லியிருந்தாள், சின்னப் பெண், மகள் லேனாவைவிட இரண்டொரு வயதுதான் கூட இருக்கும், நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். இடது காதுக்கு மேலே, உள்ளே, செர்ரிப் பழம் அளவுக்கு ஒரு கட்டி. கெட்ட சாதி இல்லை, ஆனால் உட்கார்ந்திருக்கிற இடம் கெட்ட இடம். செர்ரி இல்லை, அரைநெல்லி என்று கிருபாவதி மனசுக்குள் திருத்திக்கொண்டாள். செர்ரி என்றால் சிவப்பாக, யாரோ பரிசு கொடுத்ததுபோல இருக்கிறது. அரைநெல்லி என்றால் பல் கூசுகிறது, அதுதான் சரி. மண்டையைத் திறந்த பிறகு உங்களை எழுப்புவோம் என்றாள் டாக்டர், விருந்துக்கு அழைக்கிற குரலில். பயப்படாதீர்கள், மூளைக்கு வலி தெரியாது. நாங்கள் படங்களைக் காட்டிக்கொண்டே இருப்போம், நீங்கள் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். ஓர் இடத்தைத் தொடும்போது பெயர் வராமல் போனால் அந்த இடத்தில் கத்தி வைக்கமாட்டோம். எந்த மொழியில், என்று கேட்டாள் கிருபாவதி. டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்தாள். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றுக்கு ஒன்று கொஞ்சம் தள்ளித்தான் இருக்குமாம், பிறந்த மொழியும் பிறகு வந்த மொழியும், அடுத்தடுத்த வீடுகள்போல, சில சுவர் பொதுவாக, சில சுவர் தனியாக. ஒன்றைக் கேட்டுக் காப்பாற்றும்போது மற்றது காப்பாற்றப்படும் என்று உறுதி சொல்ல முடியாது. இரண்டையும் கேட்கலாம், ஆனால் மனுஷ உடம்பு அந்த மேசையில் அவ்வளவு நேரம் விழித்திருக்காது, சோர்ந்துவிடும், முதலில் கேட்கிற மொழிக்குத்தான் நல்ல நேரம் கிடைக்கும். அதோடு தமிழில் கேட்க வேண்டுமானால் பதில் சரியா தப்பா என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். இருக்கிறாரா அப்படி யாராவது, என்று டாக்டர் கேட்டபோது கிருபாவதி, இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு யார் என்று சொல்லாமல் இருந்தாள். அப்புறம் ஒத்திகைக்காகப் படங்களைக் காட்டினாள் டாக்டர். பனிச்சறுக்கு வண்டி. விரல் பிரியாத கம்பளிக் கையுறை. புகைக்கூண்டு. பனியில் செய்த மனிதன், மூக்குக்கு ஒரு காரட். எல்லாவற்றுக்கும் ஜெர்மனில் டக் டக்கென்று பதில் வந்தது, பாராட்டும் கிடைத்தது. இதையெல்லாம் உங்கள் மொழியில் சொல்ல முடியுமா? முடியவில்லை. மறந்து போனதால் இல்லை. பாளையங்கோட்டையில் வேப்பமரத்தடியில் வளர்ந்தவளுக்குப் பனிச்சறுக்கு வண்டி எங்கிருந்து வரும்? அப்படியானால் உங்களுக்கு உங்கள் மொழியில் முதலில் வாய்க்கு வருகிற பொருள்களைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், என்றாள் டாக்டர். எளிதான காரியம் போலத்தான் அப்போது தோன்றியது. இப்போது படகுச் சன்னல் வழியே ஒவ்வொன்றாகப் பார்த்து அவள் தன்னையே சோதித்துக்கொண்டு வந்தாள். பாரம் தூக்கும் இரும்புக் கொக்குகள், ஜெர்மன். மிதவை, ஜெர்மன். கம்பத்தில் உட்கார்ந்து ஒரு பக்கமாகத் தலையைச் சாய்க்கிற வெள்ளைப் பறவை, ஜெர்மன். மழை, அதுகூட, இத்தனை வருஷம் இந்த ஊர் மழையில் நனைந்து நனைந்து, ஜெர்மன்தான். அப்படியானால் தமிழில் முதலில் வருவது எது? கால் இடறினால் வருவது. சுடுபாத்திரத்தைத் தொட்டால் வருவது. ச்சீ. அடடா. இருக்கட்டும். சும்மாதான். பரவாயில்ல. எப்படி அம்மா படம் எடுப்பேன் பரவாயில்ல-வை, என்று அந்தச் சின்ன டாக்டரைப் பார்த்து மனசுக்குள் கேட்டாள். யாருடைய முகத்தை அருகில் நின்று படம் எடுத்தால் அது பரவாயில்ல ஆகும்? ஒரு முகம் வந்தது. அதை வேண்டாம் என்று தள்ளினாள். அந்த முகம் வந்தால் அந்த வார்த்தையும் கூட வரும். அதை இன்றைக்கு நினைக்கக் கூடாது.

கைப்பைக்குள் போன் நடுங்கியது. ஞானக்கா. பாளையங்கோட்டையில் இப்போது விளக்கு வைத்திருப்பார்கள்.

"என்னட்டி, எங்க இருக்க? ஒரே காத்தா கேக்குது."

"படகுல, அக்கா."

"படகுலயா? மண்டைக்குள்ள கட்டிய வச்சிக்கிட்டு ஒனக்குப் படகு சவாரி கேக்குதோ? டாக்டரு என்ன சொன்னா?"

கிருபாவதி சொன்னாள். எழுப்புவார்களாம் என்று சொன்ன இடத்தில் அக்கா இயேசுவே என்றாள், பின்னால் எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்தது.

"நான் சொல்லுதத கேளு. இங்க வந்துரு. மெட்ராஸ்ல விசாரிச்சாச்சு. அந்த டாக்டரு நம்ம ஊர்ப் பையன், அவங்க அப்பா நம்ம அப்பாட்ட படிச்சவரு. தமிழ்லயே கேப்பாரு, நீ தமிழ்லயே சொல்லு. ஒம் மண்டைய அங்க உள்ளவங்க தொறந்து பாத்தா அவங்களுக்கு என்ன தெரியும்? எது மூளை, எது புளிக்கொழம்புன்னு கூடத் தெரியாது."

கிருபாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் திரும்பிப் பார்த்தான்.

"அங்க ஜெர்மன்ல யாரு கேப்பா அக்கா?"

"அது எதுக்கு? போனா போவட்டும். அவரும் போய்ச் சேந்துட்டாரு. இனிமே அந்தப் பேச்சு ஒனக்கு எதுக்கு?"

"லேனா இருக்கால்லா."

"அவளுக்குத் தமிழ் தெரியாதாக்கும்?"

"வா, போ, சோறு, தண்ணி தெரியும். அது போதுமா?"

"எத்தனையோ வீட்டுல அதுக்கு மேல ஒண்ணும் பேசிக்கிடதில்ல," என்றாள் அக்கா. பிறகு குரல் இறங்கியது. "எனக்கும் ஒன்னைய விட்டா ஏட்டின்னு கூப்பிட ஆளு இல்ல, பாத்துக்க. நான் பாட்டுக்குப் பேசி, நீ புரியாம முழிச்சா நான் எங்க போவேன்?"

யோசிச்சுச் சொல்லுதேன் அக்கா என்றாள். போனை வைத்த பிறகு பார்த்தால் படகு நடு ஆற்றில் இருந்தது. ஒரு பெரிய சரக்குக் கப்பல் எதிரே கடந்து போக, அதன் நிழல் படகுக்குள் வந்து எல்லார் மடியிலும் ஏறி இறங்கிப் போயிற்று. போனா போவட்டும். அக்கா கல்மனசுக்காரி இல்லை. அவளுக்குக் கார்ஸ்டன் என்றால் கல்யாணத்தன்று வேட்டி அவிழ்ந்து கோயிலில் எல்லாரையும் சிரிக்க வைத்த மனிதர், அவ்வளவுதான். எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் பழைய குழாய் ஆர்கனைச் சரிபார்க்க ஜெர்மனியிலிருந்து வந்தவர். வெயிலில் தக்காளிபோலச் சிவந்து, குழாய் குழாயாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர். பெண்கள் கல்லூரியில் இங்கிலீஷ் நடத்துகிறவள் என்பதால் கிருபாவதியைத் துணைக்கு அனுப்பினார்கள், அவர் சொல்வதைக் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்குட்டிக்கு மொழிபெயர்க்க. அவருடைய இங்கிலீஷும் அரைகுறை, பாதி சைகை. அந்த ஊமை பாஷையில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று பின்னால் ஜெர்மனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். வாழ்ந்தது பூராவும் ஜெர்மனில்தான். சண்டை போட்டது, லேனாவுக்குக் காய்ச்சல் வந்த போது மாறி மாறி விழித்தது, அடுப்பை அணைத்தாயா என்று வாசலில் நின்று கேட்டது. அவருக்குத் தமிழில் ஒரே ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டது. போதும். சாப்பாட்டுத் தட்டின்மேல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, போத்தும் போத்தும் என்பார். அதையே எல்லாவற்றுக்கும் பிரயோகித்தார், டி.வி. சத்தத்துக்கு, பனிக்கு, அரசியல்வாதிகளுக்கு. கடைசியில், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த அறையில், நர்ஸ் இன்னொரு ஊசியோடு வந்தபோது அவர் நர்ஸைப் பார்க்காமல் இவளைப் பார்த்து, போத்தும் என்றார். நர்ஸுக்குப் புரியவில்லை. என்ன கேட்கிறார், தண்ணீரா என்று கேட்டாள். இவள் மட்டும்தான் அந்த அறையில் அந்த வார்த்தை தெரிந்தவள். இவள்தான் அதை ஜெர்மனில் டாக்டர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு மொழியும் இல்லாமல் அந்த ஒரு வார்த்தையைச் சுமந்து இங்கேயிருந்து அங்கே வைத்திருக்க முடியுமா? எதைப் போகட்டும் என்பது?

முதலில் எது. முதலில் எது. இயந்திரத்தின் சத்தமே அப்படித்தான் கேட்டது. ஜெர்மனைக் கற்றுக்கொண்டேன், அதனால் போனாலும் மறுபடி கற்கலாம், தமிழைக் கற்றதேயில்லை, அது எப்போதும் இருந்தது, போனால் எந்த வழியாகத் திரும்பப் போவது, அதனால் தமிழைத்தான் முதலில் கேட்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டாள். நல்ல கணக்காகத்தான் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வந்த முதல் வருஷம் கண்முன் வந்தது. கடையில், தபால் அலுவலகத்தில், கார்ஸ்டனின் அம்மா வீட்டில், இவளிடம் பேசும்போது எல்லாரும் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக வைத்து, செவிடியிடம் பேசுவதுபோல, குழந்தையிடம் பேசுவதுபோல. அந்த வாயசைவு. நல்ல மனிதர்கள்தான். நல்ல மனிதர்களின் அந்த வாயசைவைத் தாங்குவதுதான் கஷ்டம். ஜெர்மன் போய்விட்டால் இனி அந்த வாயோடு லேனா வந்து கட்டிலில் குனிவாள். அ-ம்-மா, இ-து க-ர-ண்-டி. பொறுமையாகச் சொல்வாள், தினமும் வருவாள், அலுத்துக்கொள்ளவே மாட்டாள், அதுதான் பயம். அப்படியானால் மெட்ராஸ் இல்லை. அப்படியானால் ஞானக்கா? ஏட்டி என்று கூப்பிட்டுவிட்டு போனின் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருப்பாளே. ஒரு பக்கம் தூக்கினால் மறு பக்கம் இறங்குகிறது. படகு அக்கரையில் மோதி நின்றது. சைக்கிள்காரன் இறங்கினான், சிலர் ஏறினார்கள், ஈரக்காற்று ஏறியது. அவள் இறங்கவில்லை.

போன மாதம் ரொட்டிக் கடையில்தான் முதல்முதலாகத் தெரிந்தது. ரொட்டியை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள், வெளியே தூறல், எதையோ உள்ளே விட்டுவிட்டோம் என்று திரும்பினாள். அது மூலையில் சாய்ந்து நின்றது, கறுப்பாக, வளைந்த பிடியோடு, கார்ஸ்டனுடையது. அது எதற்கு, எப்படி விரிக்க வேண்டும், எந்தக் கம்பி வளைந்திருக்கிறது, எல்லாம் தெரிந்தது. பெயர் மட்டும் இல்லை. தமிழிலும் இல்லை, ஜெர்மனிலும் இல்லை. படிக்கட்டில் கீழ்ப்படி இருக்கும் என்று காலை வைத்தால் இல்லாமல் போவதைப்போல. கடைக்காரப் பெண் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள். இவள் வாய் தேடித் தேடி, கைக்கு எட்டினதை எடுத்து நீட்டியது: என் கூரையை விட்டுவிட்டேன். அந்தப் பெண் ஒரு கணம் பார்த்தாள், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். நல்லா இருக்கே, சின்னக் கூரை, என்று சொல்லி எடுத்து வந்து கையில் கொடுத்தாள். தெருவில் நனைந்துகொண்டே கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் குடை என்ற சொல் ஒன்றும் நடக்காததுபோல வந்து நின்றது. அன்றைக்குப் பயந்த பயம் வேறு. அன்றைக்கு யோசிக்காத ஒன்றை இன்று இந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். பெயர் இல்லாமல் நின்ற அந்த நேரத்தில் குடையைத் தான் கொஞ்சம்கூட மறக்கவில்லை என்பதை. சொல்லப்போனால் அவ்வளவு முழுசாக அதை எப்போதும் பார்த்ததில்லை, அந்தப் பிடியில் அவர் கை பட்டு வழுவழுத்த இடம் உட்பட. அப்படியானால். அதற்கு மேல் போகாதே என்று ஒரு மனசு சொன்னது. அப்படியானால் அப்பா?

தள்ளிவைத்திருந்த முகம் இப்போது தானாக வந்து எதிர் இருக்கையில் உட்கார்ந்தது. சாமுவேல் வாத்தியார். ஊரில் பாதிப் பேருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், கேள்வி கேட்டே வாழ்ந்தவர், பக்கவாதம் வந்து பேச்சு குழறி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது ஊரே வந்து அவரைக் கேள்வி கேட்டது. நம்ம ஆட்களுக்கு அது ஒரு வழக்கம். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் கொண்டு வருவார்கள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு நேரே குனிவார்கள், சார், நான் யாரு தெரியுதா, சொல்லுங்க பாப்போம். அன்பினால்தான். தன் பெயரை அந்த வாயிலிருந்து கேட்டுவிட்டுப் போனால் ஒரு நிம்மதி. சிலர் பெயர் வந்தது, சிலர் பெயர் வரவில்லை, வந்தவர்கள் மற்றவர்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்கள். வராதபோது அப்பா கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்ப்பார், பாடம் படிக்காமல் வந்த மாணவனைப் போல. கிருபாவதி விமானத்திலிருந்து இறங்கி, கையில் பெட்டியோடு, முகம்கூடக் கழுவாமல் வந்து நின்றாள். ஞானக்கா அவளை முன்னால் தள்ளினாள். அப்பா, யாரு வந்திருக்கா பாருங்க. யாருன்னு சொல்லுங்க. அறை முழுக்க ஆட்கள், எல்லாரும் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு. அப்பா பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண் ஓரத்தில் தண்ணீர் தேங்கியது. உதடு எதையோ பிடிக்கப் போய் நழுவ விட்டு, பிடிக்கப் போய் நழுவ விட்டு, கடைசியில் சொன்னார்: வெளியூரு. அறையே சிரித்தது. சரியாத்தான சொல்லுதாரு வாத்தியாரு, என்றார் யாரோ ஒரு சித்தப்பா. இவளும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள். அவள் ஜெர்மனி திரும்பிய பிறகு அப்பா போய்விட்டார், வேறு ஒரு சொல்லும் அவர் அவளுக்குத் தரவில்லை. அந்த ஒரு சொல் இத்தனை வருஷமாக உள்ளே முள்ளாகக் கிடக்கிறது. பெற்ற பெண்ணை வெளியூர்க்காரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாரே, அவ்வளவுதானா நான், என்று. கார்ஸ்டனிடம்கூட இதை முழுசாகச் சொல்ல வரவில்லை. சொன்னபோது அவர், உன் அப்பா சொன்னது உண்மைதானே, நீ வெளியூரில்தானே இருந்தாய் என்றார். அவரோடு ரெண்டு நாள் பேசாமல் இருந்தாள். இப்போது, கட்டி வந்த பிறகு, அந்தக் கட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து அல்ல, அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறாள். அப்பா உள்ளே இருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முழுசாகத் தெரிகிறாள். பிறந்தது, சடை பின்னினது, செய்யுள் ஒப்பித்தது, வெள்ளைக்காரனைக் கட்டுவேன் என்று நின்றது, வாசலில் கார் ஏறிப் போனது, பிறகு வராதது. அத்தனையும் தெரிகிறது. பெயரைத் தவிர. இருட்டில் தடவித் தடவி, பக்கத்தில் கிடந்த ஒரு சொல்லை எடுத்து நீட்டினார். வேறு யார் வந்திருந்தாலும் அவர் கைக்கு அந்தச் சொல் கிடைத்திருக்காது. மகள் வெளியூரு என்று தினமும் சொல்லியிருப்பார், தினமும் பயன்படுத்தின பொருள்தானே கை எட்டுகிற தூரத்தில் கிடக்கும். கடைக்காரப் பெண் சிரித்தாலும் குடையை எடுத்துக் கொடுத்தாள். நான் சிரித்தேன், அவ்வளவுதான், வாங்கிக்கொள்ளவில்லை.

சன்னல் கண்ணாடியில் தன் முகத்தின் மேல் நீர்த்துளிகள் குறுக்காக ஓடின, வெளியேயா உள்ளேயா என்று அவள் துடைத்துப் பார்க்கவில்லை. போன் மறுபடி நடுங்கியது. லேனா. அவள் எப்போதும்போல ஜெர்மனில்தான் பேசினாள், பதற்றத்தை மறைக்க வேகவேகமாக.

"அம்மா, டாக்டரிடம் சொல்லிவிட்டாயா? மணி ஆகிறது. பெரியம்மா எனக்கும் போன் செய்தார்கள், பாதிதான் புரிந்தது. மெட்ராஸ் என்றார்கள், அழுதார்கள். நீ போகப் போகிறாயா?"

"இல்லை. இங்கேதான்." ஜெர்மனில் சொன்னாள். சொன்ன பிறகுதான் தான் முடிவு செய்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. "முதலில் ஜெர்மனில் கேட்கச் சொல்லப்போகிறேன்."

லேனாவின் மூச்சு போனில் கேட்டது. சின்ன வயதில் தப்பு செய்துவிட்டு நிற்கும்போது இப்படித்தான், மூக்கால் மூச்சு விடுவாள். தமிழ் வகுப்புக்கு மாட்டேன் என்று சனிக்கிழமை சனிக்கிழமை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்ட பெண்.

"எனக்காகவா?"

"எனக்காகத்தான். உன்னோடு சண்டை போட எனக்கு வேறு மொழி கிடையாதே."

"அப்புறம் தமிழ்?"

"நான் சோர்ந்துபோகாமல் இருந்தால் கடைசியில் கேட்பார்களாம். நீ உட்கார்ந்து கேள்."

"நானா? அம்மா, நீ சொல்வது சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் சரி என்று சொல்லி, அவர்கள் அந்த இடத்தை வெட்டிவிட்டால்?"

அந்தப் பயம் நியாயமானது. கிருபாவதிக்கும் அது இருந்தது. ஞானக்காவின் ஏட்டி அந்தப் பயத்துக்கு அடியில் கிடந்தது. போகலாம். எல்லாமே போகலாம். அடடா, பரவாயில்ல, இருக்கட்டும், சும்மாதான், எல்லாம் ஒரு மதியத்தில். இரவு அக்காவைக் கூப்பிட்டு நிறையப் பேச வேண்டும், அறுவைச் சிகிச்சைக்கு முன் தினமும் பேச வேண்டும், என்ன பேசினாலும் சரி.

"படம் எதுவும் காட்டாதே," என்றாள். "ஒரே ஒரு கேள்வி கேள். நம் ஊரில் படுத்திருக்கிறவர்களிடம் கேட்பார்கள். நான் யாரு."

"நான், யாரு," என்று லேனா தமிழில் சொல்லிப் பார்த்தாள், ரெண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு அடி இடம் விட்டு. பிறகு சேர்த்துக் கேட்டாள், குரல் ஏனோ சிறுத்துப்போயிற்று. "அம்மா. நான் யாரு?"

லேனா என்ற பெயர் நாக்கின் நுனியில் இருந்தது, பழுதில்லாமல், வெளிச்சமாக. கிருபாவதி அதைப் பார்த்துக்கொண்டே வேறு சொல்லை எடுத்தாள்.

"வெளியூரு."

"அப்படியென்றால்?"

"நீதான். பேர் வந்தால் பேர். வராவிட்டால் இதைச் சொல்வேன். இதுவும் வராவிட்டால் வேறு ஏதாவது சொல்வேன், கூரை, கரண்டி, எதுவோ. எதைச் சொன்னாலும் அது நீதான். சிரிக்காமல் வாங்கிக்கொள்."

"சிரிக்கமாட்டேன்," என்றாள் லேனா. படகு வேகம் குறைத்து, புறப்பட்ட கரையிலிருந்த பழைய டயர்களில் முனகிக்கொண்டு உரசியது. போனின் அந்தப் பக்கத்தில் மகள், பரீட்சைக்குப் படிக்கிற குழந்தைபோல, தப்பும் தவறுமாக, வேளியூர், வெலியூரு, வெளியூரு என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிருபாவதி திருத்தவில்லை. பக்கத்து இருக்கையை ஒரு முறை தடவிவிட்டு எழுந்து, காலருகே சாய்த்து வைத்திருந்த கார்ஸ்டனின் குடையை எடுத்துக்கொண்டு, இறங்குகிறவர்களோடு சேர்ந்து நின்றாள்.